பங்குதாரருக்குச் சேதி சொல்ல எது உதவும்: அறிக்கையா, ஆப்பா, வாட்ஸ்அப்பா, சுவரா?

வலங்கைமான் பக்கத்திலிருந்து ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் (விவசாயிகளே பங்குதாரராக இருந்து நடத்தும் கம்பெனி) இயக்குநர்கள் மூன்று பேர் போன மாதம் கும்பகோணத்தில் என் கடைக்கு வந்தார்கள். நிறுவனம் நன்றாகவே ஓடுகிறது. விதைநெல் தருகிறார்கள், உரம் வாங்கித் தருகிறார்கள், அறுத்த நெல்லைச் சேர்த்து விற்கிறார்கள். குறை ஒன்றுதான். "தம்பி, நாங்க செய்யிறது எதுவும் மெம்பருக்குப் போய்ச் சேரல. விலை ஏத்திக் கொடுத்தாலும் தெரியல, கூட்டம் போட்டாலும் தெரியல. கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கோம். கலர்ல ஆண்டறிக்கை போடலாங்கிறார் ஒருத்தர், ஆப் பண்ணலாங்கிறார் இன்னொருத்தர். நீங்க சொல்லுங்க" என்றார் மூத்தவர்.

டிடிபி என்கிற கணினி அச்சுக்கோப்பு வேலையில் தொடங்கி இன்றைக்கு டிசைன் வரை பதினெட்டு வருடமாக இதே தொழில்தான் எனக்கு. அன்று அவர்களிடம் வாயால் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஒன்றிய அரசு 2020-ல் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு அப்புறம் டெல்டாவிலும் இப்படிப்பட்ட நிறுவனங்கள் பல. பால் சங்கம், நெசவாளர் சங்கம், பள்ளிக்கூடம் நடத்தும் அறக்கட்டளை என்று வேறு யார் இருந்தாலும் கேள்வி கிட்டத்தட்ட இதேதான்.

இதை வெறும் அழகு விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன். 2002-ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி உற்பத்தியாளர் நிறுவனம் என்ற வகையைக் கொண்டுவந்தார்கள். தனிநபர்களே உறுப்பினராக இருக்கும் நிறுவனத்தில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். பொதுக்குழுவுக்குக் குறைந்தது 14 நாள் முன்னால் அறிவிப்பு போக வேண்டும். நிகழ்ச்சி நிரல், போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, தணிக்கை முடிந்த கணக்கு எல்லாம் அதோடு போக வேண்டும். மொத்த உறுப்பினரில் கால் பங்குப் பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை. 1,000 பேர் இருந்தால் 250 பேர். செப்டம்பரில் கூட்டம் வைத்தால் ஒரு பக்கம் குறுவை அறுப்பு, இன்னொரு பக்கம் சம்பா நாற்றங்கால். அந்த நேரத்தில் 250 பேர் வரப்பிலிருந்து ஏறி வர வேண்டுமென்றால், இது தன் காரியம் என்று அவர்களுக்குப் பட வேண்டும். டிசைனுக்கு வேலை அங்கேதான்.

கலர் ஆண்டறிக்கை

இதிலிருந்து தொடங்குகிறேன். நான்கு வழிகளில் என் கடைக்கு லாபம் அதிகம் தருவது இதுதான். அதனால் இதைப் பற்றி நேர்மையாகச் சொல்லும் பொறுப்பும் எனக்குக் கூடுதல்.

32 பக்கம், வழவழத் தாள், இயக்குநர்களின் படம், பச்சை வயல் படம். வங்கி மேலாளரின் மேசையில் வைத்தால் மரியாதை கிடைக்கும். கடன் கேட்கும் வருடத்தில், பெரிய வியாபாரியோடு ஒப்பந்தம் பேசும் வருடத்தில் அது பயன்படும். உறுப்பினரிடம் போகும்போதுதான் சிக்கல். வேறொரு நிறுவனத்துக்கு இப்படி ஒன்றை அச்சடித்துக் கொடுத்தேன். அடுத்த வருடம் போனபோது கிடங்கில் இரண்டு கட்டு அப்படியே சணல் பிரிக்காமல் இருந்தது. எனக்கு மனசு ரொம்பவே கஷ்டமாகிவிட்டது. பணம் அவர்களுடையது, நெல் விற்று வந்த பணம்.

"அச்சடிக்க வேண்டாம், பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் போட்டுவிடலாம்" என்பார்கள் அடுத்ததாக. செலவில்லாத வழி மாதிரி தெரியும். ஆனால் ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர், கையில் இருக்கும் ஃபோனின் திரை அகலம் சுமார் 7. தாளில் 12 பாயின்ட்டில் இருக்கும் எழுத்து ஃபோனில் 4 பாயின்ட்டாகிவிடும். மருந்துப் பாட்டில் ஒட்டில் இருக்கும் பொடி எழுத்து மாதிரிதான்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு கிடங்கில், எடை மேடைக்குப் பக்கத்தில், ஐம்பது வயதுள்ள ஓர் அக்கா ஃபோனை நீட்டிப் பிடித்து, இரண்டு விரலால் பெரிதாக்கி, பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு வரியின் முடிவுக்குப் போனால் அதன் தொடக்கம் திரையை விட்டுப் போய்விடுகிறது. "கட்டணக் கேடு 15" என்று வாய்விட்டுப் படித்தவர் என்னைப் பார்த்து, "என்ன கேடு தம்பி?" என்றார். அது கெடு. கெடுவுக்கும் கேடுக்கும் நடுவில் இருப்பது கொம்பின் மேல் ஒரு சின்னச் சுழிதான். அந்த இரட்டைச் சுழி வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம் என்று சொல்வார்கள். கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்து ஊழியம் செய்தவர். எகரமும் ஏகாரமும் குழம்பக் கூடாது என்று அவ்வளவு கவனம் எடுத்து வைத்த ஒரு சுழியை நாம் 4 பாயின்ட்டில் போட்டு மறைத்துவிடுகிறோம்.

தமிழ் எழுத்துக்கு இந்தக் குணம் உண்டு என்பதை டிசைன் செய்கிறவர்களும் செய்யச் சொல்கிறவர்களும் மனதில் வைக்க வேண்டும். புள்ளியும் சுழியும் சின்னதாகிப் போனால் சொல்லே மாறும். ரொம்பத் தடித்த எழுத்தில் ண, ஞ மாதிரி எழுத்துகளின் உள்வட்டம் அடைத்துக்கொள்ளும். மேலே விசிறி, கீழே உகரக் கால் என்று இரண்டு பக்கமும் நீளுவதால் வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடம் வேண்டும். "பங்குதாரர்களுக்கான" என்பது போன்ற நீளச் சொற்கள் இருப்பதால் இரண்டு ஓரமும் சமமாக இழுத்து நிறுத்தினால் நடுவில் ஓட்டை ஓட்டையாக விழும். இடப்பக்கம் மட்டும் ஒட்டி நிறுத்தினால் போதும்.

சரி, அறிக்கையே வேண்டாமா? வேண்டும், நாலே பக்கத்தில். ஓர் ஏ3 தாளை நடுவில் மடித்தால் நாலு ஏ4 பக்கம். சட்டம் கேட்கும் கணக்குகளைச் சாதாரணக் கறுப்பு வெள்ளையில் தனியே இணைத்துவிடலாம். இந்த நாலு பக்கம் உறுப்பினர் கேட்கும் கேள்விகளுக்கு மட்டும்: என் நெல்லுக்கு என்ன விலை கிடைத்தது, கம்பெனி எதில் சம்பாதித்தது, எதில் விட்டது, எனக்கு என்ன வரும்.

அதில் அலகு முக்கியம். தணிக்கையாளர் குவிண்டாலில் எழுதுவார். அரசுக் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம். எங்கள் பக்கம் விவசாயி மனதில் ஓடுவது 60 கிலோ மூட்டை. நிலத்தை ஏக்கரில் சொன்னால் அவர் மாவுக்கு மாற்றிப் பார்த்துக்கொள்வார், மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர் என்று. அறிக்கை குவிண்டாலிலும் ஏக்கரிலும் பேசினால் ஒவ்வொரு வரியிலும் அவருக்கு ஒரு கணக்கு வேலை. "மாவுக்கு இத்தனை மூட்டை, மூட்டைக்கு இத்தனை ரூபாய்" என்று போட்டால் பார்த்த உடனே பேசத் தொடங்கிவிடுவார். படம் வரைவதற்கு முன்னால் செய்ய வேண்டிய டிசைன் இது. செலவு ஒரு பைசா கிடையாது.

அப்புறம் வரைபடம். இதில் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்துக்குப் பட்டை வரைபடம் போட்டபோது பட்டைகளைப் பூஜ்யத்தில் தொடங்காமல் 80-ல் தொடங்கிவிட்டேன். இடம் மிச்சமாகும் என்று நினைத்தேன். விற்பனை 100 என்ற அளவிலிருந்து 90-க்கு இறங்கியிருந்தது, பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் படத்தில் பட்டை பாதியாகிவிட்டது. எண்ணைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்தவர்கள் கம்பெனி முங்குகிறது என்று பேச, பங்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டு நாலு பேர் வந்து நின்றார்கள். அச்சில் ஒரு எண்கூடப் பிழையில்லை. ஆனாலும் படம் பொய் சொல்லியது. அன்றிலிருந்து பட்டை வரைந்தால் பூஜ்யத்தில்தான் தொடங்குவேன்.

வட்டப் படம் கேட்பார்கள், தோசையை வெட்டியது போல. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர் 1786-ல் பட்டை வரைபடத்தையும் 1801-ல் வட்ட வரைபடத்தையும் அச்சில் கொண்டுவந்தார். இரண்டில் எதை மனிதக் கண் சரியாகப் படிக்கிறது என்று புள்ளியியல் ஆய்வாளர்கள் கிளீவ்லேண்டும் மெக்கில்லும் 1984-ல் சோதித்துப் பார்த்தார்கள். கோணத்தைவிட நீளத்தை ஒப்பிடுவதில்தான் மனிதர்கள் தவறு குறைவாகச் செய்கிறார்கள். இரண்டு மூன்று துண்டென்றால் வட்டம் போடலாம். ஏழு செலவுத் தலைப்பென்றால் பட்டைதான்.

எனக்குப் பிடித்த வழி இன்னொன்று. 1920-களில் வியன்னாவில் ஓட்டோ நியூராத் என்பவர் சாதாரண மக்களுக்குப் பொருளாதாரக் கணக்கைப் படமாகக் காட்ட ஒரு முறை வைத்தார். அளவு கூடினால் படத்தைப் பெரிதாக்கக் கூடாது, அதே படத்தைத் திரும்பத் திரும்ப அடுக்க வேண்டும் என்பது அதன் விதி. காரணம் எளிது. இரண்டு மடங்கு நெல் என்று காட்ட மூட்டைப் படத்தை உயரத்திலும் அகலத்திலும் இரண்டு மடங்காக்கினால் கண்ணுக்கு அது நாலு மடங்காகத் தெரியும். ஒரு மூட்டைப் படம் 100 மூட்டைக்குச் சமம் என்று சொல்லிவிட்டு வரிசையாக அடுக்கினால் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். 1951-52 முதல் பொதுத்தேர்தலிலிருந்தே சின்னம் பார்த்து வாக்களித்துப் பழகிய மக்கள் நாம். படத்தை எழுத்துபோல் வாசிக்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆப், வெப்சைட்

ஆப் வேண்டாம். கூகுள் பிளேயில் கணக்குத் தொடங்க ஒரு முறை 25 டாலர் கட்டணம்தான். செலவு அதற்கு அப்புறம் வருகிறது. ஃபோனின் மென்பொருள் மாறும்போதெல்லாம் ஆப்பையும் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்க ஆள் வேண்டும். உறுப்பினர் அதைத் தேடி இறக்க வேண்டும், கடவுச்சொல் நினைவு வைக்க வேண்டும். வருடத்துக்கு ஏழெட்டு முறை சொல்லும் சேதிக்காக ஒரு விவசாயி ஃபோனில் தனியாக ஒரு கதவு திறந்து வைக்க மாட்டார்.

வெப்சைட் வேறு கணக்கு. அது வெளியாளுக்கு. மாப்பிள்ளை சம்பா, தூயமல்லி, கருப்புக் கவுனி என்று பாரம்பரிய அரிசியைப் பொட்டலம் போட்டுச் சென்னைக்கு அனுப்புகிற நிறுவனமென்றால் வாங்குகிறவர் தேடிப் பார்ப்பார். முகவரி, என்ன விற்கிறீர்கள், உரிம எண், யாரிடம் பேச வேண்டும் என்று ஃபோனில் ஒழுங்காகத் திறக்கும் ஒரே ஒரு பக்கம் போதும். "எங்கள் தொலைநோக்கு" என்று மூன்று பத்தி எழுதி, விற்பனை எண்ணை அடியில் ஒளித்து வைக்காதீர்கள்.

வாட்ஸ்அப்

உறுப்பினர் ஏற்கனவே இருக்கும் இடம் இது, அதுதான் இதன் பலம். செலவும் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் செலவில்லை என்பதாலேயே இங்கே யாரும் யோசித்துச் செய்வதில்லை.

குழு வைப்பதா, ஒரே சேதியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலா என்பது முதல் முடிவு. குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம். பிராட்காஸ்ட்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான், அதிலும் உங்கள் எண்ணைத் தன் ஃபோனில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே போய்ச் சேரும். பலருக்கு இது தெரியாது. அனுப்பியாயிற்று என்று நிம்மதியாக இருப்பார்கள். குழு வைத்தால் நிர்வாகி மட்டும் பதிவிடும்படி பூட்டுங்கள், இல்லையென்றால் காலை வணக்கப் பூப்படங்களுக்கு அடியில் உர விலை காணாமல் போகும். குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பது பெண் உறுப்பினர்கள் சிலருக்குச் சங்கடம். அப்படி இருந்தால் சேனல் நல்லது, அதில் பின்தொடர்கிறவர்கள் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க முடியாது.

அடுத்தது அட்டை. ஒரு படம், ஒரு சேதி. விதை வந்த சேதியும் கூட்டத் தேதியும் ஒரே படத்தில் வேண்டாம். முக்கியமான எண் படத்தில் கால்வாசி இடத்தை எடுத்துக்கொள்ளட்டும். நிறுவனத்தின் பெயரும் முத்திரையும் சிறிதாக ஓரத்தில் இருந்தால் போதும். பெரும்பாலான இயக்குநர்கள் இதற்கு நேர்மாறாகக் கேட்பார்கள், நானும் விடாமல் வாதாடுவேன்.

தேதியைப் படத்துக்குள்ளேயே பெரிதாகப் போடுங்கள். வாட்ஸ்அப் காட்டும் தேதி அனுப்பிய தேதிதான். படம் கை மாறிப் போகும்போது பழைய தேதி கூட வராது. தேதி இல்லாத விலைப் படம் மூன்று மாதம் கழித்து வேறு ஊரிலிருந்து சுற்றி வந்து சண்டை மூட்டும். அதோடு படத்துக்குக் கீழே அதே சேதியை இரண்டு வரி தட்டச்சு செய்து போடுங்கள். பிற்பாடு தேடி எடுக்கலாம். கண் தெரியாதவருக்கு ஃபோன் படித்தும் காட்டும்.

எழுத்துரு பற்றி ஒரு வார்த்தை. பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருவில் அடித்ததை ஃபோனில் ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகளாக வந்து விழும். எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டாயிற்று. இன்னும் பல அச்சகங்களில் பழசுதான். முதலிலிருந்தே யூனிகோடில் அடித்தால் அதே வாசகத்தை அறிக்கை, அட்டை, வெப்சைட் மூன்றுக்கும் எடுத்துக்கொள்ளலாம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை எல்லாம் இலவசம், சின்ன அளவிலும் தெளிவு. ஃபோட்டோஷாப்பில் செய்கிறவர்கள் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பை இயக்கிவிட்டுத் தொடங்குங்கள், இல்லையென்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

நிறம் எங்கள் ஊரில் ரொம்பக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய விஷயம். கறுப்பையும் சிவப்பையும் சேர்த்து வைத்தால் ஒரு கட்சி. தனிச் சிவப்புக்குக் கீழத்தஞ்சையில் நீண்ட வரலாறு உண்டு. பச்சை என்றால் தோளில் போடும் பச்சைத் துண்டு நினைவுக்கு வரும். நிறுவனத்தில் எல்லாக் கட்சிக்காரரும் பங்குதாரர். ஓர் இயக்குநர் மாறினால் நிறமும் மாறுகிறது என்று பேச்சு வந்துவிடக் கூடாது. வலங்கைமான்காரர்களுக்கு நான் சொன்னது வண்டல் நிறம்: அடர் பழுப்பு, வெள்ளைப் பின்னணி, எண்ணுக்கு மட்டும் ஒரு மஞ்சள் பட்டை. பழுப்பு எழுத்து வெள்ளையில் வெயிலில் பிடித்தாலும் தெரியும். இந்தப் பழுப்பு விளிம்பைப் பார்த்ததுமே நம் கம்பெனிச் சேதி என்று ஆறு மாதத்தில் பழகிவிடும். அடிக்கடி மாற்றாமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி.

சட்டப்படி 14 நாளுக்கு முன் போக வேண்டிய அறிவிப்புக்கு வாட்ஸ்அப் படத்தை மாற்றாக வைக்காதீர்கள். அதை உங்கள் நிறுவன விதிகள் சொல்லும் வழியில் அனுப்பிவிட்டு, படத்தை நினைவூட்டலாக வையுங்கள்.

குரலும் வீடியோவும்

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு. வயதான உறுப்பினர்களிடம் இது இன்னும் குறையும், பார்வையும் மங்கியிருக்கும். இவர்களுக்குக் குரல் பதிவுபோல் உதவுவது வேறில்லை. நாற்பது நொடி, சேதி முதல் வரியிலேயே, பேசுகிறவர் அவர்களுக்குத் தெரிந்த களப்பணியாளர். சென்னைச் செய்தி வாசிப்பு மாதிரி வேண்டாம். "அண்ணே, அக்கா, வெள்ளிக்கிழமை காலையில விதை வருது, சிட்டா எடுத்துட்டு வாங்க" என்று பேசினால் போதும். அட்டையும் குரலும் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் வீட்டில் யாராவது ஒருவருக்காவது எட்டும்.

வீடியோவை, கையால் செய்து காட்ட வேண்டிய விஷயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். விதை நேர்த்தி எப்படி, ஈரப்பதமானியை எப்படிப் பிடிப்பது, இதெல்லாம் வீடியோவில்தான் விளங்கும். கணக்கு சொல்ல வீடியோ உதவாது. எண் ஓடிப் போய்விடும், நிறுத்திப் பார்க்கத் தோன்றாது. டிரோன் காட்சியும் பின்னணி இசையும் வைத்து நிறுவனப் பெருமைப் படம் எடுக்கக் கேட்டால், வங்கிக் கூட்டத்துக்கு ஒரு முறை காட்டலாம், உறுப்பினர் பணத்தில் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சுவர்

கடைசியாக நான் சொன்னதைக் கேட்டு மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிடங்குச் சுவரில் எழுதுங்கள் என்றேன். டிசைன் கடைக்கு வந்து சுவர் எழுத்தா என்று நினைத்திருப்பார்கள்.

உறுப்பினர் நெல்லோடு வந்து எடை மேடை அருகில் காத்திருக்கும் அரைமணி நேரம் இருக்கிறதே, அவர் கண் சும்மா இருக்கும் நேரம் அதுதான். எதிரே சுவர். அதில் ஃப்ளெக்ஸ் மாட்டலாம், மலிவு. ஆனால் அது பிவிசி பிளாஸ்டிக். டெல்டா வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும், ஐப்பசி கார்த்திகைக் காற்றில் கிழியும், கிழிந்ததை யாரும் எடுக்காமல் தொங்கவிடுவார்கள். கையால் எழுதிய எனாமல் வருடக் கணக்கில் நிற்கும்.

எங்கள் ஊர்ப் பக்கம் எழுதும் ஓர் ஓவியரை அவர்களோடு அனுப்பினேன். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்துபோனவர். சுண்ணாம்பு தோய்த்த நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் ஒரு சுண்டு. சுவரில் நேர்கோடு விழுந்துவிட்டது. இரண்டு எழுத்து எழுதுவார், இறங்கி ரோடு வரைக்கும் பின்னால் நடந்து போவார், கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார், திரும்பி வந்து புள்ளியை இன்னும் கொஞ்சம் பெரிதாக்குவார். "கண்ணாடி போடாத கண்ணுக்கு எழுதணும் தம்பி" என்றார். எழுத்தின் உடலைவிடப் புள்ளிக்கும் சுழிக்கும் அவர் தரும் இடத்தைப் பார்த்து, என் அட்டைகளிலும் அதே விகிதத்தை இப்போது வைக்கிறேன்.

சுவரை இரண்டாகப் பிரித்தோம். இடப் பக்கம் மாறாதது: அலுவலக நேரம், பேச வேண்டிய எண், ஒருவருக்கு ஒரு வாக்கு, நெல் கொண்டுவந்தால் என்னென்ன கழிவு, ஏன். வலப் பக்கம் கரும்பலகை வண்ணம் பூசிய கட்டங்கள், சாக்பீஸால் தினம் எழுதுவதற்கு: இன்றைய விலை மூட்டைக்கு, ஏற்கும் ஈரப்பதம், அடுத்த கூட்டத் தேதி. அரசுக் கொள்முதலில் ஈரப்பதம் 17 விழுக்காடு வரை என்பது வழக்கமான வரம்பு. மழை அதிகமான சில வருடங்களில் தளர்த்துவார்கள். அப்படி மாறுகிற எண்ணை எனாமலில் எழுதக் கூடாது. கியூஆர் குறியீடு ஒன்றும் உண்டு, தனித் தகட்டில் அச்சடித்து மார்பு உயரத்தில் மாட்டினோம். அதைக் கையால் வரைய முயல வேண்டாம், ஸ்கேன் ஆகாமல் போகலாம்.

சுவரின் குறை, அங்கே வருகிறவருக்கு மட்டும்தான் அது பேசும் என்பது. உறுப்பினர் முப்பது ஊரில் சிதறி, வருடத்துக்கு ஒரு முறை மட்டும் வரும் நிறுவனமென்றால் நான் குரல் பதிவை முன்னால் வைப்பேன். பாரம்பரிய அரிசி விற்பதே முக்கிய வருமானமென்றால் பொட்டலத்தின் முகப்பும் அந்த ஒரு பக்க வெப்சைட்டும் முதலில். வலங்கைமான்காரர்கள் அப்படி இல்லை. பக்கத்துப் பக்கத்து ஊர்கள், வாரம் ஒருவராவது கிடங்குக்கு வரும் வீடுகள். அதனால் அவர்களுக்கு நான் கொடுத்த வரிசை: சுவர் முதலில், பணத்தில் பெரும்பகுதி அதற்கும் ஓவியர் கூலிக்கும். அதே பழுப்பும் மஞ்சளும் அதே வாசகமும் வைத்து வாட்ஸ்அப் அட்டைக்கு ஓர் அச்சு, எண்ணை மட்டும் மாற்றினால் போதும் என்ற மாதிரி. கூடவே குரல். நாலு பக்கத் தாள் பொதுக்குழுவுக்கு முன்னால். வெப்சைட் அடுத்த வருடம். 32 பக்கப் புத்தகமும் ஆப்பும் கிடையாது.

மூத்தவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒன்று கேட்டார்: "சரி தம்பி, அந்தச் சாக்பீஸ் யார் கையில இருக்கணும்?" நான் யோசித்திராத கேள்வி. ஒரு நாள் பழைய விலை சுவரில் நின்றால் அடுத்த நாளிலிருந்து யாரும் சுவரைப் பார்க்க மாட்டார்கள். சி.இ.ஓ. பாதி நாள் வெளியில். இயக்குநர்களுக்கு வயல் இருக்கிறது. கடைசியில் எடை போடும் பெண்ணிடமே கொடுப்பது என்று முடிவாயிற்று. காலையில் தராசைச் சரிபார்த்த கையோடு சுவரில் விலையை எழுதி, அதை ஒரு ஃபோட்டோ எடுத்துக் குழுவில் போட வேண்டும். எழுத்து கொஞ்சம் சாய்கிறது என்று அந்தப் பெண் ஃபோனில் கூச்சப்பட்டது. பரவாயில்லை, சுழியை மட்டும் பெரிதாகப் போடம்மா என்றேன்.